நெஞ்சுவலியா, வாயுவா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் "வாயுவா இருக்கும்" என்றுதான் பேச்சு தொடங்கும். ஓமத் தண்ணீர், சோடா, முதுகில் தைலம் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், 20, 30 நிமிடத்திலேயே தசை சாகத் தொடங்கும். செத்த தசை மறுபடி வளராது. அதனால்தான் வலி வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறோம்.

வலி எப்படி இருக்கும்?

"குத்துது" என்பதைவிட "அழுத்துது", "இறுக்குது", "நெஞ்சுமேல கல்ல வெச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டமாட்டார்கள்; உள்ளங்கையை நடுநெஞ்சில் வைப்பார்கள். தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவும்.

சாட்ஸ்வர்த் மேட்டில் ஏறும்போது வந்து, நின்றதும் சில நிமிடத்தில் அடங்கினால் அது ஆஞ்சைனாவாக, அதாவது இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் வலியாக இருக்கலாம். முதல்முறை என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, 5 நிமிடம் தாண்டியும் விடாவிட்டாலோ, மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளும் பெண்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணமில்லாத அசதி மட்டும் வரலாம். வேலைக் களைப்பு என்று அம்மா படுத்துவிட்டால் ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

1. உட்கார வையுங்கள். நடக்கவோ மாடிப்படி ஏறவோ விடாதீர்கள்.

2. டாக்டர் நைட்ரேட் (இரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்து) கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடியே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, அல்லது ஒரு முறை ஸ்பிரே. நின்றுகொண்டு எடுத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். வயாகரா போன்ற மாத்திரை எடுத்திருந்தால் இது கூடவே கூடாது.

3. 5 நிமிடத்தில் அடங்கவில்லையா? ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள், கைப்பேசியிலிருந்து 112. நைட்ரேட் கையில் இல்லாதவர்கள் இந்த 5 நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

4. 300 மில்லிகிராம் டிஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை) ஒன்றை மென்று விழுங்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, இரத்தம் கசியும் வயிற்றுப்புண்ணோ இருந்தால் வேண்டாம்.

5. கேட்டின் பூட்டைத் திறந்து, நாயைக் கட்டி வையுங்கள். இரும்புக் கதவுக்குச் சாவி தேடும் நேரம் வீணான நேரம்.

நோயாளி தானே கார் ஓட்டிப் போகக் கூடாது. வழியில் இதயம் நின்றுபோனால் ஆம்புலன்ஸில்தான் மின் அதிர்ச்சிக் கருவி இருக்கும். ஆஸ்பத்திரியில் முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ட்ரோப்போனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கலக்கும் புரதம்) இரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் கழித்து மறுபடி செய்வது வழக்கம், ஏனென்றால் அது ஏற நேரம் எடுக்கும்.

அதன் பிறகு

பெரும்பாலும் தவறு நடப்பது மாத்திரையில்தான். "இப்ப நல்லா இருக்கேன்" என்று நிறுத்திவிடுவார்கள். ஸ்டென்ட் (இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர், இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம். பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். ஊறுகாய், கருவாடு, கடை ரொட்டி எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான். பொரித்த சமூசா எப்போதாவது பரவாயில்லை. தினசரி டீயோடு வேண்டாம். சிகரெட் ஒன்றுகூட வேண்டாம்.

டாக்டர் அனுமதித்ததும் சமதரையில் 5, 10 நிமிடம் நடந்து தொடங்கி, வாரத்தில் 5 நாள் 30 நிமிடம் வரை கொண்டுபோங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகத்தைக் குறையுங்கள். வயிறு நிறைய சாப்பிட்ட உடனே நடக்காதீர்கள்.

காவடி எடுக்க ஆசையிருந்தால் விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். விரத நாளிலும் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிடுங்கள், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான்.