ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் லாக் ஃபைல்களைக் கட்டி மேய்ப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குச் சின்னதாக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடை போட்டதும் பெயர், கிலோ, நேரம் எல்லாம் அதில் ஏறிவிடும். மழை விட்டு வெயில் அடித்த ஒரு வாரம், கொழுந்து குவிந்துகொண்டிருந்த சாயங்காலம், ஆபீஸிலிருந்து போன்.

"தம்பி, எடை ஏற மாட்டேங்குது. வெளிய ஏழு பிக்கப் நிக்குது."

சர்வருக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம். ஒரே ஒரு லாக் ஃபைல் (அப்ளிகேஷன் தான் செய்வதை வரி வரியாக எழுதி வைக்கும் ஃபைல்) 31 ஜிபி. பதற்றத்தில், ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளையைப் போட்டேன். ஃபைல் மறைந்தது, டிஸ்க் மட்டும் அதே 100 சதவீதத்தில் நின்றது! அன்று கற்றுக்கொண்டதைத்தான், புதிதாக சர்வர் பார்க்க வந்திருப்பவர்களுக்காக, வரிசையாக எழுதுகிறேன். என்னுடையது உபுண்டு சர்வர். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. எங்கே அடைத்திருக்கிறது?

முதலில் "டிஎஃப் -எச்". எந்தப் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். அப்புறம் வார் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் ஃபோல்டருக்குப் போய் "டியூ -எஸ்எச் *". பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே மாட்டிக்கொள்வான். இடம் பாக்கி இருந்தும் எழுத முடியவில்லை என்றால் "டிஎஃப் -ஐ" போட்டுப் பாருங்கள். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (ஃபைலுக்கு ஒன்று வீதம் டிஸ்கில் இருக்கும் பதிவு) தீர்ந்திருக்கலாம்.

2. அவசரத்துக்கு: அழிக்காதீர்கள், காலி செய்யுங்கள்

நான் அழித்த பிறகும் இடம் ஏன் திரும்பவில்லை? ஆபீஸில் எடை நோட்டு எழுதும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் அட்டையில் ஒட்டிய லேபிளைக் கிழித்துவிட்டால் நோட்டு காணாமல் போய்விடுமா? அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார். ஆர்எம் செய்வது அந்த லேபிளைக் கிழிக்கிற வேலைதான். ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஃபைலைத் திறந்து கையில் வைத்திருக்கும் வரை, அந்த இடம் டிஸ்கிற்குத் திரும்பாது. அதோடு நில்லாமல், கண்ணுக்குத் தெரியாத அந்த ஃபைல் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் ஓடுகிற அப்ளிகேஷனின் லாக்கை "சூடோ ட்ரங்கேட் -எஸ் 0" என்று போட்டு, பின்னால் ஃபைல் பெயரைக் கொடுத்துக் காலி செய்யுங்கள். ஃபைல் அங்கேயே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் போய்விடும். போனது போனதுதான், ஆகவே கடைசி ஆயிரம் வரிகளை டெயில் கட்டளையால் வேறு பார்ட்டிஷனுக்கு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எதனால் நிரம்பியது என்பதற்கு அதுதான் சாட்சி.

என்னைப் போல ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? "சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1" போடுங்கள் (கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து). பெயர் போயும் திறந்தே இருக்கும் ஃபைல்களை, பிடித்து வைத்திருக்கும் புராசஸோடு சேர்த்துக் காட்டும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், முழு சர்வரையும் ரீபூட் செய்ய வேண்டாம். அன்று நான் செய்ததும் அதுதான். அரை நிமிடத்தில் 31 ஜிபி திரும்பி வந்தது. ஏழு பிக்கப்பும் எடை போட்டுப் போக இருட்டிவிட்டது என்பது வேறு கதை.

3. நிரந்தர ஏற்பாடு: லாக்ரொட்டேட்

நோட்டு நிரம்பினால் என்ன செய்வோம்? பழையதைப் பரணில் போட்டுவிட்டுப் புது நோட்டைக் கையில் கொடுப்போம். லாக்ரொட்டேட் அந்த வேலையைத்தான் செய்கிறது. உபுண்டுவில் பெரும்பாலும் அது முன்பே இருக்கும். இடிசி ஃபோல்டருக்குள் லாக்ரொட்டேட்.டி என்ற ஃபோல்டரைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைப் பேக்கேஜாகப் போட்டிருந்தால் அதன் விதிகள் அங்கே தயாராக இருக்கும், அதைத் தொட வேண்டாம். உங்கள் அப்ளிகேஷனுக்குத்தான் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதே ஃபோல்டரில் புது ஃபைல் ஒன்று திறந்து, முதல் வரியில் லாக் ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்து, வளைந்த அடைப்புக்குள் வரிக்கு ஒன்றாக இவற்றை எழுதுங்கள். ரொட்டேட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே மட்டும் இடைவெளி, மற்றவை எல்லாம் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக:

டெய்லி
ரொட்டேட் 60
டேட்எக்ஸ்ட்
கம்ப்ரஸ்
டிலேகம்ப்ரஸ்
மிஸ்ஸிங்ஓகே
நாட்இஃப்எம்ப்டி

டெய்லி என்றால் தினமும் நோட்டு மாற்று. டேட்எக்ஸ்ட் பழைய ஃபைலின் பெயரில் தேதியைச் சேர்க்கும். கம்ப்ரஸ் ஜிஜிப் போட்டுச் சுருக்கும். டிலேகம்ப்ரஸ் இருந்தால், நேற்று மாற்றியதை இன்னும் ஒரு சுற்றுக்குச் சுருக்காமல் வைத்திருக்கும். அப்ளிகேஷன் கொஞ்ச நேரம் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கலாம் என்பதால் இது அவசியம். கடைசி இரண்டும் ஃபைல் இல்லாவிட்டாலும் காலியாக இருந்தாலும் அலட்டிக்கொள்ளாதே என்று சொல்பவை.

ரொட்டேட் எண்ணை எல்லோரும் 7 அல்லது 14 என்று எங்கிருந்தோ காப்பி அடிக்கிறார்கள். யோசித்துப் போடுங்கள். எங்கள் ஊரில் இலைக்கான பணம் மாதக் கணக்கில்தான் வரும். "எடை குறைஞ்சிருக்கே" என்று விவசாயி வந்து நிற்பது பணம் கையில் வந்த பிறகுதான், அதாவது இலை போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். 14 நாள் லாக்கை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன பதில் சொல்வது? அதனால்தான் 60. உங்கள் அப்ளிகேஷனில் புகார் எத்தனை நாள் கழித்து வரும் என்று பார்த்து எண்ணை முடிவு செய்யுங்கள்.

மேக்ஸ்சைஸ் என்று ஒரு வரி சேர்த்தால், அளவு மீறியதும் நாள் முடியும் முன்பே மாற்றும் என்பார்கள். உண்மைதான், ஆனால் லாக்ரொட்டேட் தானாக விழித்துப் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு முறைதான். அதை எழுப்பும் டைமரை மணிக்கொரு முறை ஓடும்படி மாற்றாவிட்டால் மேக்ஸ்சைஸால் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, மலையில் ராத்திரி கரண்ட் போவது சகஜம். நள்ளிரவில் சர்வர் அணைந்திருந்தாலும் கவலை வேண்டாம், மறுபடி எழுந்ததும் தவறவிட்ட வேலையை அந்த டைமரே செய்துவிடும்.

4. எழுதுகிறவரிடம் சொல்ல வேண்டாமா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டைப் பரணுக்கு மாற்றினாலும், எழுதுகிற ஆள் பரண் ஏறி அதே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால்? புது நோட்டை எடுக்கச் சொல்லி அவரிடம் சொல்ல வேண்டும். போஸ்ட்ரொட்டேட், எண்ட்ஸ்கிரிப்ட் என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே அதற்கான கட்டளையை எழுதுங்கள். என்ஜின்எக்ஸ், பைத்தான் அப்ளிகேஷனை ஓட்டும் கனிகார்ன் இரண்டுக்கும் யுஎஸ்ஆர்1 என்ற சிக்னலை அனுப்பினால் லாக்கை மூடித் திறந்துகொள்ளும், ரீஸ்டார்ட் தேவையில்லை. பைத்தானில் நீங்களே லாக் எழுதினால் ஃபைல்ஹேண்ட்லருக்குப் பதில் வாட்ச்ட்ஃபைல்ஹேண்ட்லரைப் போடுங்கள், ஃபைல் மாறியதை அதுவே கவனித்துக்கொள்ளும்.

எந்தச் சிக்னலும் புரியாத அப்ளிகேஷன் என்றால் காப்பிட்ரங்கேட். நோட்டை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மூலத்தை அழிக்கிற வேலை இது. ஜெராக்ஸ் முடிந்து அழிப்பதற்குள் எழுதிய சில வரிகள் போய்விடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துவேன்.

5. சோதனை

"சூடோ லாக்ரொட்டேட் -டி" போட்டு உங்கள் ஃபைலின் பாதையைக் கொடுங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். ஃபோல்டர் அனுமதி பாதுகாப்பாக இல்லை என்று முறைத்தால், அந்த லாக் ஃபோல்டரில் ரூட் அல்லாத குரூப்புக்கு எழுதும் உரிமை இருக்கிறது என்று அர்த்தம். விதிகளில் எஸ்யு என்ற வரியைப் போட்டு, பயனர் பெயரும் குரூப் பெயரும் கொடுத்தால் அடங்கிவிடும்.

பிறகு "-டி"யை எடுத்துவிட்டு "-எஃப்". இப்போது நிஜமாகவே மாற்றும். உடனே "டெயில் -எஃப்" போட்டுப் புது ஃபைலில் வரிகள் விழுகின்றனவா என்று பாருங்கள். புதியது உருவாகாமலோ 0 பைட்டில் நின்றோ பழையது வளர்ந்தால், நாலாவது படியில் ஏதோ தப்பு. திருத்திவிட்டு அன்றைக்கே மறுபடி ஓட்டினால் மாற்ற மறுக்கும். பயப்படாதீர்கள், அதே தேதிப் பெயரில் ஃபைல் இருப்பதுதான் காரணம். நான் இதற்கு அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

6. குழாயையும் கொஞ்சம் மூடுங்கள்

31 ஜிபி எப்படி வந்தது? டெஸ்டிங்கின்போது வைத்த டிபக் லெவலை (சின்ன விஷயத்தையும் விடாமல் எழுதும் நிலை) நான் மாற்ற மறந்துவிட்டேன். தராசு நொடிக்கு நொடி அனுப்பிய எண் எல்லாம் லாக்கில் விழுந்திருந்தது. லைவ் சர்வரில் இன்ஃபோ லெவல் போதும். பாஸ்வேர்டு, போன் நம்பர் எதுவும் லாக்கில் போகக் கூடாது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தனியாகச் சேர்க்கும் ஜர்னலை "ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்" காட்டும், "--வாக்யூம்-சைஸ்=200எம்" என்று போட்டால் குறைந்துவிடும்.

7. பரணில் தேடுவது

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். "42 கிலோ போட்டேன், 24-னு விழுந்திருக்கு" என்றார். சுருக்கிய ஃபைலைப் பிரிக்காமலே தேட "இசட்கிரெப்" இருக்கிறது. அவருடைய எண்ணையும் தேதி போட்ட ஃபைல் பெயரையும் கொடுத்தேன். நள்ளிரவில் மாற்றுவதால், 12-ஆம் தேதி பெயருள்ள ஃபைலில் 11-ஆம் தேதி சங்கதி இருக்கும் என்பதை மறக்காதீர்கள். டேட்யெஸ்டர்டே என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும். தராசு அனுப்பியது 42. கீழே அடுத்த வரியில், கையால் திருத்தியது 24. ஆபீஸ் அண்ணன் திரையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பேசாமல் பேனாவை எடுத்தார்.