மதுரையிலிருந்து கொம்பியேன்: பிரான்ஸின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முறை

பிரான்ஸில் பெயர்பெற்ற பொறியியல் கல்லூரிகள் பல, பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனியாக இயங்குபவை. பொறியியல் பட்டத்தையும் பல்கலைக்கழக ஆராய்ச்சியையும் ஒரே வளாகத்தில் வைத்து 1972-இல் தொடங்கப்பட்டதுதான் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூ.டி.சி. பாரிஸுக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இதே முறையில் பின்னால் வந்தவை துருவா (1994), பெல்ஃபோர்-மோன்பெலியார் (1999). மூன்றும் அரசுப் பல்கலைக்கழகங்கள். கீழே சொல்வது பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும்.

இந்த வேலையில் காசு கொடுத்தாலும் அவசரப்படுத்த முடியாதவை இரண்டு: பிரெஞ்சு மொழியும் உங்கள் பெயரும். பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே இரண்டையும் தொடங்கிவிடுங்கள்.

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து நல்ல மார்க் வாங்கியவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த மார்க்கை நம்பி இருக்க வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்து விரிவுரையைப் புரிந்துகொள்ள, ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி2 நிலை வேண்டும்; தொடக்கத்திலிருந்து அதற்கு ஏறத்தாழ 500 முதல் 600 மணி நேரம் பிடிக்கும். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஏறத்தாழ ஒன்றரை வருடம். மாஸ்டர் படிப்புகள் சிலவற்றில் ஆங்கிலம் உண்டு. ஆனால் இன்ஜினியர் பட்டத்தில் பெரும்பாலான பாடம் பிரெஞ்சில்தான். சான்றுக்கு டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதுங்கள், முதல் தடவையே பி2-வுக்குப் போகாமல் பி1 எழுதிப் பார்ப்பது நல்லது. பேச்சுப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், காரணம் பயிற்சி முழுவதும் எழுத்திலேயே நடப்பது.

அடுத்து பெயர். பிரெஞ்சுப் படிவம் எதை எடுத்தாலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல். மார்க் ஷீட்டில் ‘முத்துக்குமார் கே’ என்றும், பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர் முத்துக்குமார், குடும்பப் பெயர் கருப்பசாமி என்றும் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருந்தாலோ, அதில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருந்தாலோதான் தலைவலி. அங்கே பல்கலைக்கழகம், வங்கி, மருத்துவக் காப்பீடு மூன்றிலும் மூன்று விதமாகப் பதிவாகி, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் விவரத் திருத்தத்துக்கு மறு வெளியீடு கேட்டு, விண்ணப்பம் போடும் முன்பே சரிசெய்துவிடுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தப் போகாதீர்கள், அது இதைவிட இழுக்கும்.

பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் பெற்றோர் பெயர் இருக்கும், குழந்தை பெயர் இருக்காது. பிரான்ஸில் மருத்துவக் காப்பீட்டு எண்ணுக்கு இது கட்டாயம். பெயரைச் சேர்ப்பது பிறந்த ஊர்ப் பதிவாளரிடம்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மதுரையில் வளர்ந்தவருக்கும் தேனியிலோ சிவகாசியிலோ அலைய வேண்டியிருக்கும். சேர்த்த பிறகு, வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிவிட்டால் பிறகு அங்கிருந்து அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம்.

இனி படிப்பு. யூ.டி.சி.யில் ‘எல்லோருக்கும் ஒரே டைம் டேபிள்’ கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் மாணவரே பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது கணக்கு. பாடங்களுக்குக் குறியீடு உண்டு: என்.எஃப்.16 என்றால் அல்கோரிதமும் டேட்டா ஸ்ட்ரக்சரும், எல்.ஓ.21 என்றால் ஆப்ஜெக்ட் முறை புரோகிராமிங். அறிவியல் பாடம், செய்முறைப் பாடம், மொழி–சமூகம் சார்ந்த பாடம் மூன்றும் கலந்து எடுக்க வேண்டும். ஆகவே உங்கள் கோப்பைப் பார்ப்பவர் சி.ஜி.பி.ஏ.வோடு நிறுத்தமாட்டார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்றும் தேடுவார்.

அதற்கு ஒரு பக்கத் தாளில் அட்டவணையாக மூன்று நெடுவரிசை போடுங்கள். முதலில் நீங்கள் படித்த பாடம், பக்கத்தில் அதன் யூனிட்கள் இரண்டே வரியில், மூன்றாவதாக அங்கே நீங்கள் எடுக்க விரும்பும் பாடத்தின் குறியீடு. எடுக்க விரும்பும் பாடம் எட்டுக்கு மேல் வேண்டாம். பிரான்ஸில் மதிப்பெண் இருபதுக்குத்தான் என்றாலும், சி.ஜி.பி.ஏ.வை நீங்களாக இருபதுக்கு மாற்றி எழுதாதீர்கள். கல்லூரியின் மதிப்பீட்டு விளக்கத்தை அப்படியே இணையுங்கள். அரியர் இருந்தால் மறைக்காமல், எந்தச் செமஸ்டரில் முடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இந்தத் தாள் தயாரானால் நோக்கக் கடிதம் தானாக வரும். ஏஜென்ட் எழுதித் தரும் கடிதத்தில் ஈஃபிள் கோபுரமும் ‘உலகத்தரமும்’ இருக்கும், பாடக் குறியீடு ஒன்றுகூட இருக்காது. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸின் நேர்காணலில் ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்’ என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வது அந்தக் கடிதத்தை நம்பிப் போனவர்கள்தான்.

விண்ணப்பம் கேம்பஸ் பிரான்ஸின் ‘எத்யூத் ஆன் பிரான்ஸ்’ தளம் வழியாக. செப்டம்பரில் சேர, முந்தைய அக்டோபர் வாக்கிலேயே கணக்குத் தொடங்குங்கள். கடைசித் தேதி ஒவ்வொரு படிப்புக்கும் வேறு. அந்தந்தத் துறைப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கில் கட்டணத்தைவிட வாழ்க்கைச் செலவுதான் பெரிது. விசாவுக்கு மாதம் குறைந்தது 615 யூரோ காட்ட வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு 7,380. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2019 முதல் தனிக் கட்டணம், மாஸ்டருக்கு அப்போது ஆண்டுக்கு 3,770 யூரோ, பிறகு கூடியிருக்கிறது. விலக்கு தருகிறார்களா என்று பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வங்கிக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வில்லங்கச் சான்றிதழ், பட்டா, சட்டக் கருத்து என்று நாள் போகும் என்பதால் அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் மேனேஜரைப் பார்த்துவிடுங்கள்.

விசா கோப்பைக் கொடுக்க, விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை வி.எஃப்.எஸ். மையத்துக்கு நேரில் போக வேண்டும், கைரேகை எடுப்பார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் எழும்பூர். சந்திப்பு நேரத்தைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாளிலும் அசல் ஒன்று, நகல் இரண்டு.

வீட்டு வாடகைக்குப் பிரான்ஸில் ஜாமீன்தாரர் கேட்பார்கள். முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு ‘விசால்’ என்ற திட்டம் அந்த ஜாமீனை இலவசமாகத் தருகிறது. விசா கையில் வந்ததும் அதற்கு விண்ணப்பியுங்கள், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் உறுதிசெய்வதும் கட்டாயம். அதைத் தவறவிட்டால் தீபாவளி, பொங்கலுக்கு ஊர் வந்து திரும்பிப் போவதே கேள்விக்குறியாகிவிடும்.