அரைகுறையாகக் கட்டிய எஞ்சினை மறுபடி பிரிக்கும்போது

எஞ்சின் வேலை முடிந்து மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார், நீலப் புகையோடு பட்டறைக்குத் திரும்பி வருகிறது. உடனே பிஸ்டன் ரிங் செட், கேஸ்கெட் செட் வாங்கி வரச் சொல்வதுதான் முதல் தவறு. புது ரிங் போட்டும் புகைகிறது என்றால், முன்பு கட்டியவர் எதையோ அளக்காமல் விட்டிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் அதே புகை மறுபடி வரும்.

பிரிக்கும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கில் அல்லது போரில் (சிலிண்டரின் உள்துளை). ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) கேஸ்கெட்டில்.

அடுத்த தவறு, கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டில் கொட்டுவது. கழுவினால் தடயம் போய்விடும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றியதும் ஆயில் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள்: புழு மாதிரி சிலிக்கான் பேஸ்ட் துணுக்குகள் வலையில் சிக்கியிருந்தால், சம்பை அப்பி ஒட்டியவர்தான் ஆயில் ஓட்டத்தை அடைத்திருக்கிறார். பேஸ்ட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரே கோடு போதும். கிராங்க் ஷாஃப்ட்டைத் தழுவும் அரைவட்டப் பேரிங் ஷெல்லை எண் எழுதிய அட்டைப்பெட்டியில் வரிசையாக வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல்பூச்சில் பொடி மணல் புதைந்து மினுங்கினால் அசுத்தம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராட் வளைந்திருக்கலாம். ஷெல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடு இருந்தால், கிராங்கைக் கிரைண்டிங் செய்யாமல் இடைவெளியை மறைத்திருக்கிறார்கள். அது ரொம்ப நாள் தாங்காது. ராடின் அடியில் போல்ட் போட்டு மூடும் கேப்புகளை எக்காரணம் கொண்டும் மாற்றிப் போடக் கூடாது.

பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளக்கவும். சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 0.02 முதல் 0.05 மி.மீ.க்குள் இருக்கும். கேப்பை டார்க் ரென்ச்சால் இறுக்கியபின் கிராங்கைச் சுற்றக் கூடாது, சுற்றினால் அளவு பொய்யாகும். ரிங்கின் வாய் இடைவெளியை, பிஸ்டனில் மாட்டும் முன், சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜ் தகட்டால் பாருங்கள். 70 மி.மீ. விட்டமுள்ள போருக்கு, மேல் ரிங்கின் இடைவெளி ஏறக்குறைய 0.28 மி.மீ. என்பது பழைய கணக்கு. கம்பெனி மேனுவல் சொல்வதே இறுதி.

ஹோனிங் (சிலிண்டர் சுவரில் கல்லால் மெல்லிய கோடு போடுவது) செய்தபின் பெட்ரோலால் துடைப்பது நிறையப் பேர் செய்வது. பெட்ரோல் எண்ணெயைக் கழுவும், கல்பொடியைக் கோடுகளுக்குள்ளேயே விட்டுவிடும். சோப்பும் வெந்நீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாமல் வரும்வரை கழுவி, உடனே ஆயில் தடவுங்கள்.

“அண்ணாச்சி, ஹெட்டை எமரித்தாள் போட்டுத் தேய்ச்சா போதும், லேத்துக்கு எதுக்கு?” என்பார்கள். கையால் தேய்த்தால் குழி விழும். ஹெட்டின் மேல் நேர்விளிம்பை வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் நுழைந்தாலே ஹெட்டை லேத்துக்கு அனுப்புங்கள். பிளாக்கின் போல்ட் துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும் அழுத்தத்தில் பிளாக்கே வெடிக்கும். ஏரால் ஊதி எடுங்கள். டார்க் ரென்ச்சால் இறுக்கியபின் இன்னும் குறிப்பிட்ட கோணம் திருப்பி இறுக்கும் வகை ஹெட் போல்ட் நீண்டிருக்கும். புதிது போடுவதே சரி. இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே செல்லுங்கள்.

நம் திருநெல்வேலிப் பக்கத்து இரண்டு விஷயம். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டில் சுண்ணாம்புக் காரை படியும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி சேருங்கள். சூடு ஏறுகிறது என்று, கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு: எஞ்சின் சூட்டுக்கே வராமல் பெட்ரோல் அதிகம் குடித்து, ஆயிலில் கலந்து, போரைத் தேய்க்கும். திசையன்விளைத் தேரி (செம்மணல் மேடு) பக்கம் ஓடும் வண்டி என்றால், ஆனி, ஆடிக் காற்றில் செம்மண் பொடி ஏர் ஃபில்டர் ஹோஸின் தளர்ந்த கிளாம்ப் வழியே உள்ளே போகும். அங்கே ஒரு கிளாம்ப் கெட்டால் புது ரிங் மொத்தமும் வீண்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். பிறகு நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடக் கூடாது. ரிங் பதியாமல் போர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். பாளையங்கோட்டையைச் சுற்றி வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுங்கும் துகள் நிறைய இருந்தால் அடுத்த ஐந்நூறுக்குக் காத்திராமல் அன்றே சம்பைக் கழற்றுங்கள்.