ஏழு ஈர்க்குத் துண்டில் ஒரு டெரோசார்

சில ஆண்டுகளுக்கு முன் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு டெரோசார் படம் ஒன்று, அதாவது டைனோசர் காலத்தில் வாழ்ந்த பறக்கும் ஊர்வனவின் படம், வரைந்து கொடுத்தேன். புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவாலின் இறக்கையை அப்படியே எடுத்து, அதில் முதலைத் தலையை ஒட்டவைத்த படம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், இது வௌவால்தானுங்க?" என்றான். அவன் கேட்டது சரி. வௌவாலின் இறக்கைக்குள் நான்கு விரல்கள் குடைக்கம்பி போல விரிந்திருக்கும். டெரோசாரின் இறக்கையைத் தாங்கியது ஒரே ஒரு விரல்.

அந்த விரலை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். வலக்கையை நீட்டிப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கூர்நகத்தோடு சிறியவையாகவே இருக்கட்டும். சுண்டுவிரலை மடக்கிவிடுங்கள், டெரோசாருக்கு அது கிடையாது. மோதிரவிரல் மட்டும் உங்கள் முழுக்கையையும் மிஞ்சி நீண்டு, அதன் நுனியிலிருந்து உடம்பு வரை ஒரு தோல் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இறக்கை.

இனி வேலைக்கு வருவோம். சீமாற்றிலிருந்து நான்கைந்து ஈர்க்கு உருவிக்கொள்ளுங்கள். ஒரு சார்ட் அட்டை, ஸ்கேல், 2பி பென்சில், ரப்பர் போதும். ஈர்க்கை ஏழு துண்டாக ஒடிக்க வேண்டும்: மேற்கை, முன்கை, உள்ளங்கை எலும்பு, பிறகு இறக்கை விரலின் நான்கு கணுக்கள்.

இரண்டு டெரோசார் வகைகளை எடுத்துக்கொள்வோம். நீண்ட வால் கொண்ட ராம்ஃபோரிங்கஸுக்கு, அதே வரிசையில், சென்டிமீட்டரில்: 2, 3, 1, 4.5, 4.5, 4, 4. குட்டை வால் கொண்ட டெரனோடானுக்கு: 2, 3, 4.5, 5, 4, 2.5, 1.5. இவை படம் வரைவதற்கு நான் வைத்துக்கொண்ட தோராய அளவுகள். கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர்தான். ஆனால் மூன்றாவது துண்டைக் கவனியுங்கள். ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவு, மற்றதில் முன்கையைவிட நீளம். பழைய, நீண்ட வால் கொண்ட வகைகளுக்கு உள்ளங்கை எலும்பு குட்டை. பின்னால் வந்த குட்டை வால் வகைகளுக்கு அது நீளம். இந்த ஒரு துண்டை மாற்றினாலே ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

துண்டுகளை அட்டையில் அடுக்குங்கள். மேற்கை சற்றே பின்னோக்கி, முன்கை முன்னோக்கி, உள்ளங்கை எலும்பு அதன் தொடர்ச்சியாக. அங்கிருந்து விரல் மெல்லப் பின்னோக்கி வளைய வேண்டும். நேராக வைத்தால் ஏரோப்ளேன் ஆகிவிடும். நிலை பிடித்ததும் மூட்டுகளில் புள்ளி வைத்து, ஈர்க்கை எடுத்துவிட்டுக் கோடு இழுங்கள். உள்ளங்கை எலும்பு முடியும் இடத்தில் மூன்று சின்ன விரல்கள், நகத்தோடு. மணிக்கட்டிலிருந்து தோள்பக்கம் நோக்கி ஒரு குச்சி எலும்பு. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள முன்தோலை அது தாங்கும். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான்.

தோலின் பின்விளிம்பை விரல்நுனியிலிருந்து ஒரே வளைவாகக் காலுக்குக் கொண்டுவாருங்கள். வௌவாலுக்குப் போல வளைவு வளைவாகத் தோரணம் கட்டாதீர்கள். இடையில் விரலே இல்லாதபோது தோரணம் எதில் தொங்கும்? தோல் தொடையோடு நின்றதா, கணுக்கால் வரை போனதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் கணுக்காலில் முடிக்கிறேன்.

வால் சீக்கிரம் முடிந்துவிடும். ராம்ஃபோரிங்கஸுக்குக் கம்பி போல விறைத்த நீண்ட வால், நுனியில் பட்டம் போன்ற ஒரு மடல். டெரனோடானுக்கு ஒரு சிறு துணுக்கு.

தலையில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இதுவரை தெரியவந்திருக்கின்றன. அவற்றை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் தலையே. நம் மண்ணில் இவற்றின் எலும்பைத் தேடிப் பயனில்லை. கொங்குப் பாறை பெரும்பாலும் நூறு கோடி ஆண்டுகளையும் தாண்டி மூத்தது. டெரோசார் தோன்றி இருபத்துமூன்று கோடி ஆண்டுகள்கூட ஆகியிருக்காது. ஆனால் பழக்கத்துக்குப் பறவைகள் இருக்கின்றன. ஒரு நாள் வெள்ளோடு சரணாலயத்தில் உட்கார்ந்து கூழைக்கடாவின் தலையைப் பத்து முறை வரைந்துவிட்டு, டெரனோடானுக்கு வாருங்கள். பல்லில்லாத நீண்ட அலகு, பின்னோக்கிய கொண்டை. ஆணுக்குப் பெரிய கொண்டை, ஆறு மீட்டரையும் தாண்டும் இறக்கை விரிவு. பெண் சிறியது, கொண்டையும் சிறியது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

அர்ஜென்டினாவின் டெரோடாஸ்ட்ரோ என் செல்லம். மேல்நோக்கி வளைந்த தாடை; கீழ்த்தாடையில் ஏறக்குறைய ஆயிரம் மெல்லிய பற்கள், பேன்சீப்பைக் கவிழ்த்து வைத்தது போல. ஆயிரத்தையும் எண்ணி வரைய உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், எழுபதில் எழுந்துவிட்டேன். ஓரத்தில் இருபது கோடு தெளிவாகப் போட்டு, மீதியை நிழலாகத் தேய்த்துவிடுங்கள். சீனத்து சுங்காரிடெரஸுக்கு நுனி மேலே தூக்கிய, கொறடு போன்ற அலகு. அனூரோக்நாதஸுக்கு அகன்ற வாய், பெரிய கண்; இரவில் மண்சாலையில் உட்கார்ந்திருக்கும் பக்கிக் குருவியைப் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கெட்சால்கோட்லஸ் தனிக் கணக்கு. டெக்சாஸில் 1971இல் கிடைத்தது. இறக்கை விரிவு 10 மீட்டர் அளவு, கிட்டத்தட்ட நம் டவுன் பஸ் நீளம். இதை நின்ற நிலையில் வரையுங்கள். டெரோசார்கள் நாலு காலில் நடந்தன: மூன்று சிறு விரல்கள் தரையில், இறக்கை விரல் கையோடு மடங்கி மேல்நோக்கி. பக்கத்தில் அளவுக்காக ஒரு காங்கேயம் காளையை நிறுத்தினேன். அதன் திமில் டெரோசாரின் தோளுக்குக்கூட எட்டவில்லை.

உடம்பில் செதில் வேண்டாம். தோலின் மேல் மயிர் போன்ற மெல்லிழைகள் இருந்தன. கழுத்திலும் முதுகிலும் சின்னக் கோடுகளாகப் போடுங்கள். நிறத்துக்கு எல்லோரும் சாம்பலை எடுக்கிறார்கள். பிரேசிலின் டுபாண்டாக்டிலஸ் கொண்டையில் வெவ்வேறு வடிவ நிறமித் துகள்கள் இருந்ததை 2022இல் கண்டுபிடித்தார்கள். அதாவது அந்தக் கொண்டை ஒரே நிறமாக இருந்திருக்காது. எந்த நிறம் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். என் மேசையில் இருப்பதற்குச் செம்பருத்திச் சிவப்பு பூசியிருக்கிறேன், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.