தேக்குக்குக் கீழே மஞ்சள் போடுகிறீர்களா? மண்ணையும் கவனியுங்கள்

தேக்கு நட்டால் கைக்குக் காசு வர இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை களையெடுப்பு, தண்ணீர் என்று செலவு மட்டும்தான். அந்த இடைவெளிக்குத்தான் ஊடுபயிர், அதாவது மரங்களுக்கு நடுவே போடும் பயிர். முதல் இரண்டு மூன்று வருடம் வெயில் நன்றாக விழும். உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலை போடலாம். நிழல் கட்டியதும் மஞ்சளுக்கோ இஞ்சிக்கோ மாறுங்கள். அடர்ந்த நிழலில் திறந்தவெளி மகசூல் வராது. ஆனால் பயிருக்குக் கொடுக்கும் உரமும் நீரும் மரத்துக்கும் சேரும்.

பலர் விட்டுவிடுவது மண்ணை. மரம் இருந்தாலே மண் அரிக்காது என்ற நினைப்பு தேக்கில் செல்லாது. அகல இலையில் மழைநீர் திரண்டு பெரிய சொட்டாக விழும். கீழே வெறுந்தரை என்றால் மண்ணைப் பெயர்த்துத் தெறிக்கும். நல்ல மழைக்குப் பிறகு அடிமரத்தைப் பாருங்கள், சேறு தெறித்திருக்கும். அந்தச் சொட்டை மஞ்சள் செடியின் இலை தாங்கிக்கொள்ளும். தேக்குச் சருகைத் தயவுசெய்து கூட்டிக் கொளுத்தாதீர்கள், அதுவும் மண்ணுக்குப் போர்வைதான்.

சரிவு நிலத்தில் பார்களை, அதாவது பயிர் நடும் மண்மேடுகளை, சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். அடிமரத்தைச் சுற்றி மூன்றடி விட்டால் மண்வெட்டி வேரில் அதிகம் படாது.

எனக்கு முக்கியமாகப் படுவது அறுவடை நேரம். கிழங்கு வெட்டியதும் மண் பொலபொலவென்று கிடக்கும். முதல் கோடை மழையே மேல்மண்ணை அள்ளிப் போய்விடும். வெட்டிய கையோடு மஞ்சள் செடியின் தண்டையும் இலையையும் தேக்குச் சருகையும் அதன்மேல் கனமாகப் பரப்பிவிடுங்கள்.