சட்டைப் பொத்தான் போடத் திணறும் பிள்ளைக்குப் பழக்குவது எப்படி?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகப்போகும் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் பழக்கிவிடுகிறோம். அதே பிள்ளை சீருடைப் பொத்தான் போட முடியாமல் நின்றால் மட்டும் "சோம்பேறி" என்று திட்டு விழுகிறது. தயவுசெய்து அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். அசைவுகளைத் திட்டமிட்டு ஒருங்கிணைப்பதே சில பிள்ளைகளுக்குக் கடினம். இதை டிஸ்பிராக்சியா என்பார்கள். 5 முதல் 11 வயதுக்குள் நூற்றில் 5, 6 பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. நல்ல புத்திசாலிப் பிள்ளைகளுக்கும் வரும்.

முதலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். எது வேண்டும் என்று பிள்ளையையே கேளுங்கள். இங்கே பொத்தானை எடுத்துக்கொள்வோம்.

படி 1: சட்டையைத் தயார் செய்யுங்கள். புதுச் சீருடையில் பொத்தான் துளை இறுக்கமாக இருக்கும். இரண்டு மூன்று முறை துவைத்து, நீங்களே பொத்தானைப் பல தடவை நுழைத்து எடுத்துத் தளர்த்துங்கள். காலைப் பள்ளி அவசரத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம். மாலையில் குளித்த பிறகு சரியாக இருக்கும்.

படி 2: கடைசியிலிருந்து தொடங்குங்கள். சட்டையை மாட்டாமல் மேசைமேல் விரித்து வையுங்கள். பொத்தானைத் துளைக்குள் பாதிவரை நீங்கள் தள்ளுங்கள். மீதியைப் பிள்ளை பிடித்து இழுக்கட்டும், அவ்வளவுதான். வேலையை முடித்தது பிள்ளைதான், அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரியும். இது கைவந்த பிறகு, நீங்கள் துளையை விரித்துப் பிடியுங்கள், பொத்தானின் விளிம்பைப் பிள்ளை உள்ளே தள்ளட்டும். அப்புறம் துணியைப் பிடிப்பதும் பிள்ளையின் வேலை. சட்டையை மாட்டிக்கொண்டு செய்யும்போது வயிற்றுப் பக்கத்துப் பொத்தானில் தொடங்குங்கள். கழுத்துப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 3: சொல்லிக்கொண்டே செய்யட்டும். "தள்ளு, பிடி, இழு" என்று மூன்றே சொல் போதும். சிக்கிக்கொண்டால் உடனே கை நீட்டாதீர்கள். "எங்கே மாட்டுது? வேறு எப்படிச் செய்து பார்க்கலாம்?" என்று கேளுங்கள். குறிக்கோள், திட்டம், செயல், சரிபார்ப்பு என்ற இந்த வரிசை கனடாவில் உருவான ஒரு சிகிச்சை முறையின் உயிர்நாடி. பிள்ளை தானே கண்டுபிடித்த வழி கையில் தங்கும்.

படி 4: அடுத்த வேலைக்குப் போங்கள். பள்ளி கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டை ஏந்தி நடக்கப் பழக்கவும் இதே பொறுமை வேண்டும். உணவங்காடி நிலையத்தில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வெறும் தட்டுடன் நடக்கவிடுங்கள். பிறகு சோறு, அதன் பிறகு பாதி நிரம்பிய குவளை. முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்கட்டும், பார்வை முன்னால் இருக்கட்டும். சூப்போடு வரும் நூடல்ஸான சூப் மீ இப்போதைக்கு வேண்டாம்.

எழுதும்போது பாதம் தரையில் பதிகிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் நாற்காலியில் கால் தொங்கினால் பாதத்துக்கு அடியில் ஒரு சிறு முக்காலி வையுங்கள்.

வீட்டுப் பயிற்சியில் முன்னேற்றம் தெரியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். பாலர் பள்ளி வயது என்றால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். அங்கிருந்து கேகே மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், பார்ப்பார். தொடக்கப்பள்ளியில் சேர்ந்துவிட்டால் வகுப்பாசிரியரிடமும் சிறப்புக் கல்வித் தேவைக்கான அதிகாரியிடமும் பேசுங்கள். பிள்ளை பொத்தான் போடுவதையும் எழுதுவதையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு போனால் விளக்குவது சுலபம்.

முன்பு செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை திடீரென மறந்தாலோ, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாகத் தெரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.