ஒரு கழகத்தின் டிராஃப்ட் வரலாற்றுக்குக் கணக்கெழுதுவது எப்படி

2011 ஜூலை 30, சனிக்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டு முன்னறையில் பிளேன்டீயோடு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏ.எஃப்.எல். எனும் ஒஸ்ட்ரேலிய உதைபந்தாட்டத் தொடரில் ஜீலோங் 233, மெல்பேர்ன் 47. வித்தியாசம் 186 புள்ளிகள். அச்சுப்பிழையாக இருக்கும் என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன், எண்கள் மாறவில்லை. திங்கட்கிழமை காலி வீதியில் ஒரு புத்தகக்கடையில் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். உயர்தர மாணவருக்குக் கணக்கீடு படிப்பிப்பவன் நான். ஒரு நிறுவனம் இந்த அளவுக்கு முறிந்துபோனால், பழைய பேரேட்டைப் புரட்டாமல் எனக்கு நித்திரை வராது.

ஏ.எஃப்.எல். கழகம் ஒன்றின் டிராஃப்ட் வரலாற்றை நீங்களும் எடைபோட விரும்பினால், அந்தக் கொப்பியில் நான் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்த முறையைச் சொல்கிறேன். என் கழகம் மெல்பேர்ன், அதாவது டீமன்ஸ். அங்கே படிக்கப் போன காலத்தில் இரவு வேலையில் கூட நின்றவர் ஒருவர் தன் பழைய சிவப்பு நீலக் கழுத்துத்துணியைத் தந்தார். குளிருக்கு வாங்கிக் கட்டினேன். இன்னும் கழற்ற முடியவில்லை.

டிராஃப்ட் என்றால் என்ன என்று கேட்பவருக்கு ஒரே விளக்கம்: நம் பல்கலைக்கழக அனுமதியின் மாவட்ட ஒதுக்கீடு. வசதி குறைந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி குறைவு. அங்கே புள்ளிப்பட்டியலில் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொரு நவம்பரிலும் கழகங்கள் அந்த வரிசையில் எடுக்கும். 1986இல் தொடங்கிய ஏற்பாடு. ஒதுக்கீடு இருக்கும் இடத்தில் குறுக்குவழியும் இருக்கும். கொழும்பில் படித்துவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் வேறு மாவட்டத்தில் பதிகிறவர்களை நமக்குத் தெரியும். அப்போதைய விதிப்படி, இரண்டு பருவங்கள் தொடர்ந்து நான்கு வெற்றிகளுக்கு மேல் பெறாத கழகத்துக்கு முதற்சுற்றுக்கு முன்பே ஒரு மேலதிகத் தெரிவு கிடைத்தது. 2008இல் மூன்று வெற்றி, 2009இல் சரியாக நான்கு வெற்றி என்று முடித்த மெல்பேர்னுக்கு முதலாம், இரண்டாம் தெரிவுகள் இரண்டுமே வந்தன. கழகம் வேண்டுமென்றே தோற்கவில்லை என்று விசாரணை சொன்னது. ஆனாலும் 2013இல் 500,000 டொலர் தண்டம் விதித்தார்கள். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கொப்பியில் வீரருக்கு ஒரு பக்கம் ஒதுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு பக்கம். எல்லோரும் வீரரின் பெயரை எழுதிவிட்டு அவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்கிறார்கள். ஆண்டுகளே ஒன்றுபோல இருப்பதில்லை. 2001 கொட்டிக் கொடுத்த ஆண்டு: லூக் ஹொட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட் என்று முதல் மூன்று, 36ஆம் தெரிவில் சாம் மிச்செல், 58இல் டேன் சுவான். 2010உம் 2011உம் வேறு மாதிரி. கோல்ட் கோஸ்ட், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி என்ற இரண்டு புதுக் கழகங்களுக்காக முன்வரிசைத் தெரிவுகளை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளில் 12ஆம் தெரிவு என்பது பெயரளவில்தான் 12. பக்கத்தின் தலைப்பில் இப்படி ஒரு வரி எழுதிய பிறகே பெயர்களுக்குப் போங்கள்.

பத்திகள் ஐந்து: தெரிவு எண், பெயர், நம் கழகத்துக்கு ஆடிய ஆட்டங்கள், அடுத்த பத்துப் பெயர்கள், வெளியேறிய விதம். ஆட்ட எண்ணிக்கைக்கு ஏ.எஃப்.எல். டேபிள்ஸ் என்ற தளம் போதும். வெறும் எழுத்தும் எண்ணும்தான், டேட்டா கரையாது. விருதுகளுக்குப் பத்தி போடாதீர்கள். விருது போட்டால் கணக்கு நட்சத்திரங்களின் பக்கம் சாயும். இருநூறு ஆட்டம் வாய் திறக்காமல் ஆடிய பின்வரிசைக்காரன் காணாமல் போவான்.

நான்காம் பத்திதான் உயிர். 2008ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மெல்பேர்னின் முதலாம் தெரிவு ஜாக் வாட்ஸ். 2009 ஜூன் மாதம், மகாராணியின் பிறந்தநாள் ஆட்டத்தில் கொலிங்வூட்டுக்கு எதிராக அவர் முதன்முதலாக இறங்கியபோது நான் மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இருந்தேன். அக்காவின் மகனுக்கு அப்போது ஆறு வயது, என் தோளில் இருந்தான். கழுத்தில் கொலிங்வூட்டின் கறுப்பு வெள்ளை. அதற்கு அத்தானைத்தான் குறை சொல்ல வேண்டும். வாட்ஸ் இன்னும் பாடசாலை மாணவன். பந்து கைக்கு வந்ததும் கொலிங்வூட்காரர் நாலைந்து பேர் ஒன்றாக விழுந்து அமுக்கினார்கள். மருமகன் கைதட்டினான். எனக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் முதலிடம் வந்து பத்திரிகையில் படம் வந்த பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் படத்தின் பாரத்தைப் பத்து வருடம் சுமப்பது யார்?

சரி, கணக்குக்கு வருவோம். வாட்ஸுக்கு எதிரே அடுத்த பத்துப் பெயர்களை எழுதினால் இரண்டாவதாக நிக் நைட்டானுயி, ஏழாவதாக டானியல் ரிச், பதினொன்றாவதாக ஸ்டீல் சைட்பொட்டம். இது நியாயமான ஒப்பீடு. இதற்குக் கழகம் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே ஆண்டில் 44ஆவதாகப் போன ரோரி சுலோனைக் காட்டி "அவனை விட்டுவிட்டார்களே" என்று புலம்புவது கணக்கு அல்ல. 43 தடவை பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவனை எடுத்த அடிலெய்ட் உட்பட எல்லோரும் அவனைத் தாண்டிப் போனவர்கள்தான். எல்லோரும் விட்ட பிழையை ஒருவர் தலையில் கட்டக்கூடாது. பத்துப் பெயருக்கு அப்பால் பார்க்காதீர்கள் என்பதில் நான் கடும் பிடிவாதக்காரன்.

பின்வரிசையில் கிடைத்த முத்துகளைப் பாராட்டும்போதும் அதே நிதானம் வேண்டும். ஜீலோங் 1999இல் போல் சப்மனை 31ஆவதாகவும் கமரன் லிங்கை 38ஆவதாகவும் கோரி என்ரைட்டை 47ஆவதாகவும் எடுத்தது. ஒருவரென்றால் அதிர்ஷ்டம் என்று விடலாம். ஒரே பக்கத்தில் மூவர் என்றால் அங்கே யாரோ கண் உள்ளவர் இருந்திருக்கிறார்.

தந்தை மகன் விதியில் வந்தவர்களுக்குப் பச்சை மை. தகப்பன் அந்தக் கழகத்துக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகனை எடுப்பதில் கழகத்துக்கு முன்னுரிமை. எங்கள் ஜாக் வைனி 2012இல் 26ஆவதாக வந்தார். தகப்பன் டொட் வைனியும் மெல்பேர்ன்தான். கரி ஏப்லட்டின் மகன் ஜீலோங்குக்கு 40ஆவதாக வந்ததை யாரும் கண்டுபிடிப்பு என்று பெருமை பேச முடியாது. அது முதுசொம்.

இனி என் மானம் போன இடம். 2009ஆம் ஆண்டின் பக்கத்தில் மெல்பேர்னின் 34ஆம் தெரிவு மாக்ஸ் கோன். 208 சென்ரிமீற்றர் உயரம், சிலுவைத் தசைநார் அறுந்த முழங்கால், 2012 முழுவதும் ஓர் ஆட்டம்கூட இல்லை. நான் சிவப்பு மையில் அவர் பெயருக்கு எதிரே "அறவிடமுடியாக் கடன்" என்று எழுதிப் பக்கத்தை மூடினேன். 2016இல் அவர், ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஒல் ஒஸ்ட்ரேலியன் அணியில். 2021இல் கிண்ணத்தைத் தூக்கிய தலைவர். விடுமுறைக்கு வந்த மருமகன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டான். கோன் நல்லாக ஆடும் ஒவ்வொரு வாரமும் எனக்கு அது வந்து சேரும். ஆகவே விதி: முதல் ஆறு ஆண்டுகளுக்குப் பென்சில். "ரக்" நிலையில் ஆடும் நெடியவர்களுக்கு எட்டு ஆண்டுகள். அவர்களின் உடம்பு முற்ற நாளாகும், பனை மாதிரி.

வெளியேறிய விதம் என்ற பத்தியை வெறும் "போனார்" என்று நிரப்பாதீர்கள். 2009இன் முதலாம் தெரிவு டொம் ஸ்கலி இரண்டே பருவங்களில் புதுக் கழகத்துக்குப் போனார். இரண்டாம் தெரிவு ஜாக் ட்ரெங்கோவை இருபது வயதில் இணைத்தலைவராக்கினார்கள். பிறகு பாத எலும்பு அவரை முடக்கியது. அங்கஸ் பிரேஷா தலையில் பட்ட அடிகளால் 2024 தொடக்கத்தில் மருத்துவ ஆலோசனைப்படி ஆட்டத்தையே விட்டார். இந்த மூன்றையும் ஒரே சொல்லால் எழுதுகிறவர் கணக்கு எழுதவில்லை, கிறுக்குகிறார்.

பக்கங்கள் நிரம்பிய பிறகு தலைகீழாக ஒரு தணிக்கை செய்யுங்கள். ஒரு கிண்ணம் வென்ற இறுதியாட்ட அணியை எடுத்து, ஒவ்வொருவரும் எந்தக் கதவால் உள்ளே வந்தார் என்று எழுதுங்கள். நான் எடுத்தது 2021 செப்டெம்பர் 25. பெருந்தொற்றால் ஆட்டம் பேர்த்துக்குப் போயிருந்தது. இங்கே நாங்களும் ஊரடங்கில். நமக்குப் பிற்பகல் இரண்டே முக்காலுக்குத் தொடக்கம். 1964க்குப் பிறகு கிண்ணம் காணாத கழகம், வெஸ்டர்ன் புல்டோக்ஸை 140க்கு 66 என்று வென்றது. நான் போட்ட சத்தத்தில் கீழ்மாடி அன்ரி யாருக்கோ வருத்தம் என்று நினைத்து மேலே ஓடி வந்தார்.

மாற்று வீரரை விட்டுவிட்டால் 22 பேர். அவர்களில் வேறு கழகங்களிலிருந்து வந்தவர்கள் ஐவர்: மே, லீவர், ஹிபர்ட், லங்டன், பென் பிரவுன். மற்றப் பதினேழு பேரும் டீமன்ஸ் எடுத்து வளர்த்தவர்கள். இப்போது 2007 முதல் 2012 வரையான பக்கங்களைத் திறந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் முதல் பன்னிரண்டு தெரிவுகளுக்குள் கழகம் எடுத்தவர்கள் ஏழு பேர்: மோர்ட்டன், வாட்ஸ், ஸ்கலி, ட்ரெங்கோவ், கைஸ்பர்ட்ஸ், குக், டூம்பாஸ். இறுதியாட்டத்தில் ஒருவரும் இல்லை. அதே ஆண்டுகளிலிருந்து மிஞ்சியவர்கள் 34ஆம் தெரிவு கோன், 53ஆம் தெரிவு டொம் மக்டொனால்ட், பச்சை மை வைனி.

ஏழு பேரையும் பிழையாகவே தெரிந்தார்களா? நான் நம்பவில்லை. 2014இல் இரண்டாவதாக பெட்ராக்கா, மூன்றாவதாக பிரேஷா, 2015இல் நான்காவதாக ஒலிவர். அதே முன்வரிசை எண்கள்தான். மூவரும் கிண்ணம் வென்றார்கள், அன்று மைதானத்தில் சிறந்தவரும் பெட்ராக்காதான். இடையில் மாறியது வீடு. போல் ரூஸ் 2014இல் பயிற்றுநராக வந்த பிறகு பிள்ளைகள் மூச்சுவிட இடம் கிடைத்தது. 2009இல் மூன்றாம் தெரிவாக ரிச்மண்ட் எடுத்த டஸ்டின் மார்ட்டினை நாங்கள் எடுத்திருந்தால் என்று நண்பர்கள் கேட்பார்கள். 186 புள்ளிகளால் தோற்ற வீட்டில் அவர் அந்த மார்ட்டினாக வளர்ந்திருப்பாரா? ஆகவே எடுத்தவருக்கும் விட்டவருக்கும் உள்ள இடைவெளியை முழு நட்டமாக நான் எழுதுவதில்லை, பாதி போடுகிறேன்.

கைமாற்றுகளை இறுதி வரை துரத்துங்கள். பாதியில் விட்டால் கணக்கு பொய் சொல்லும். 2013இல் இரண்டாம் தெரிவைக் கைமாற்றிய மெல்பேர்னுக்கு டொம் டைசனும் ஒன்பதாம் தெரிவும் கிடைத்தன. அந்த இரண்டாம் தெரிவில் மறுபக்கக் கழகம் ஜோஷ் கெலியை எடுத்தது. டைசன் கிண்ணத்துக்கு முன்பே போய்விட்டார், ஆனால் ஒன்பதாவதாக வந்த சேலம் இறுதியாட்டத்தில் பின்வரிசையில் நின்றார். ஜெசி ஹோகனை 2018இல் ஃபிரீமாண்டலுக்குக் கொடுத்தபோது ஆறாம் தெரிவு வந்தது. அதைக் கோல்ட் கோஸ்டுக்குக் கொடுத்து ஸ்டீவன் மேயை எடுத்தார்கள். ஹோகன் 2024இல் வேறு சட்டையில், அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் வென்றபோது எனக்கு வலித்தது உண்மை. ஆனால் பேரேடு சமன்படுகிறது.

இந்தச் சங்கிலிகளை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் வாட்ஸின் வரியை நான் மூடாமல் விட்டிருந்தது தெரிந்தது. 2017 முடிவில் அவரைப் போர்ட் அடிலெய்டுக்குக் கொடுத்து 31ஆம் தெரிவைப் பெற்றார்கள். முதலாம் தெரிவு 31 ஆகச் சுருங்கியது என்று அன்று ஊரெல்லாம் சிரித்தது. அந்த 31இல் எடுத்தவர் பெய்லி ஃபிரிட்ச். பேர்த்தில் அந்த மாலை ஆறு கோல் அடித்தவர்.

2025 முடிவில் பெட்ராக்காவும் ஒலிவரும் வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். பதிலுக்கு வந்த தெரிவுகள் என்ன ஆகும் என்பதற்குப் புதுப் பக்கம் திறந்து பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். டிராஃப்டை நேரலையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நவம்பரில் அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்குப் பிற்பகல் ஒன்றரை, மதிய வகுப்பை மாற்றி வையுங்கள். மருமகன் இப்போது கொலிங்வூட்டுக்கு ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறான். முதற்பக்கம் 2005, இரண்டாம் தெரிவு டேல் தோமஸ், ஐந்தாம் தெரிவு ஸ்கொட் பென்டில்பரி. பேனையால் எழுதியிருக்கிறான்.